மடத்து அலமாரியும் ஒரு துளிக் குருதியும்

1930-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், வட அமெரிக்காவிலிருந்த நோத்ருதாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் தலைமை அன்னை தம் கன்னியருக்கு ஒரு சுற்றுமடல் விடுத்தார். ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றை ஒரே ஒரு தாளில், இருநூறு முந்நூறு சொற்களுக்குள் எழுதித் தரவேண்டும் என்பதே அதன் சாரம். பிறந்த ஊர், பெற்றோர், பள்ளிப்பருவ நிகழ்ச்சிகள், துறவறத்துக்குத் தம்மை ஈர்த்த காரணம் ஆகியவற்றை அதில் குறிப்பிடவேண்டும். இறுதி வார்த்தைப்பாட்டுக்கு ஆயத்தமாகும் இளங்கன்னியரைப் பற்றி மடத்துக் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கட்டும் என்பதற்கு மேல் அந்த அன்னைக்கு வேறு எண்ணம் இருந்திருக்க முடியாது. கன்னியரும் பணிந்து எழுதினர். தாள்கள் உறையிலிடப்பட்டன, உறைகள் அலமாரியில் அடுக்கப்பட்டன. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அவற்றை எவரும் பிரித்துப் படிக்கவில்லை.

இன்று ஒருவருடைய கையில் சிறிது குருதி எடுத்து, மூதாளர் மறதிநோயின் தடம் அவர் மூளையில் பதிந்துள்ளதா எனச் சொல்லும் அளவுக்கு மருத்துவம் வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலிருந்து தொடங்குவார்கள். நான் இந்த அலமாரியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குருதி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளுள் மிகத் தெளிவானவை சில, இந்தக் கன்னியர் கொடுத்தவை.

நோயின் கதை பவேரியாவில் பிறந்த ஒரு மருத்துவரோடு தொடங்குகிறது. அலோய்ஸ் அல்சைமர் 1864-இல் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1901 நவம்பரில், அவர் பணியாற்றிய பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனைக்கு ஔகுஸ்தே என்னும் 51 வயதுப் பெண்மணி கொண்டுவரப்பட்டார். கணவன் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார். தன் பெயரை எழுதச் சொன்னால் பாதியில் நின்றுவிட்டார். 1906 ஏப்ரலில் அவர் இறந்தபோது, மியூனிச்சுக்கு மாறிச் சென்றிருந்த அல்சைமர் அவருடைய மூளையை வருவித்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே சிறு படிவுகள். உள்ளே முறுக்கிய நூற்சிக்கல்கள். அதே ஆண்டு நவம்பரில் தூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். அவையில் ஒரு கேள்விகூட எழவில்லை. 1910-இல் அவருடைய தலைவர் கிரேப்பலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டினார். 1915-இல் அல்சைமர் காலமானார். அந்தப் பெண்மணியின் நோய்க்கோப்பு எங்கோ மறைந்து போய், 1995-இல்தான் பிராங்க்பர்ட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. மறதிநோயின் முதல் ஆவணமே எண்பத்தொன்பது ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது.

படிவுகளையும் சிக்கல்களையும் காண ஒரே ஒரு வழிதான் இருந்தது: இறந்தபின் மூளையை அறுத்துப் பார்ப்பது. உயிரோடிருப்பவரிடம் மருத்துவர் செய்யக்கூடியதெல்லாம் சில கேள்விகள் கேட்டு, பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஒரு முடிவுக்கு வருவதே. முதுமையில் நினைவு தடுமாறுவது இயல்பே என்ற எண்ணம் மருத்துவரிடையிலும் ஊன்றியிருந்தது. ஈழத்தமிழர் இந்நிலையை 'அறளை பெயர்தல்' என்பார்கள். நோய் என்ற தொனி அச்சொல்லில் இல்லை. காலம் செய்யும் வேலை என்ற ஒப்புதல் இருக்கிறது. ஏறத்தாழ 1970-கள் வரை மேலைநாட்டு மருத்துவமும் இந்த மனநிலையில்தான் இருந்தது.

இனிக் கன்னியரிடம் வருவோம். அவர்களும் பவேரியாவிலிருந்து வந்தவர்களே. முத்திப்பேறுபெற்ற கரோலினா கெர்ஹார்டிங்கர் என்னும் தெரேசா அன்னை 1833-இல் அங்கே நிறுவிய சபை இது. ஏழைச் சிறுமியருக்குக் கல்வி கொடுப்பதே அதன் பணி. 1847-இல் குடியேற்ற மக்களைத் தொடர்ந்து அமெரிக்காவுக்குச் சென்றது. ஒரு நூற்றாண்டு கடந்தபோது, அங்கே பள்ளி ஆசிரியைகளாக உழைத்து ஓய்ந்த முதிய கன்னியர் பலர் மடங்களில் வாழ்ந்தனர். மின்னசோட்டா மாநிலத்தில் மான்கேட்டோ நகருக்கு மேலேயுள்ள நல்லாலோசனைக் குன்றில் அத்தகைய மடம் ஒன்று இருந்தது.

1986-இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்னோடன் என்னும் நோய்ப்பரவல் ஆய்வாளர் அங்கே வந்தார். அவருக்கு வழிகாட்டியவர், முன்பு அதே சபையில் துறவியாயிருந்த ஆய்வு மாணவி ஒருவர். முதியோரைப் பற்றி ஆராய்வோர்க்குள்ள பெருந்தொல்லை, ஒருவர் வாழ்வு இன்னொருவர் வாழ்வை ஒத்திராமை. ஒருவர் புகைப்பார், ஒருவர் குடிப்பார். ஒருவருக்கு நல்ல மருத்துவம் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. கன்னியரிடம் இந்த வேறுபாடுகள் பெரும்பாலும் இல்லை. ஒரே சமையற்கட்டு, ஒரே மருத்துவர், ஒரே மணியோசைக்கு எழும் நாள். புகையில்லை, மகப்பேறு இல்லை. அதற்கும் மேலாக, ஒவ்வொருவரைப் பற்றியும் இளமைமுதல் பேணிவந்த ஏடுகள் அலமாரியில் இருந்தன. நம் பங்குகளின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு இது வியப்பாயிராது. திருச்சபை எழுதிவைப்பதில் சலிப்பதில்லை.

1990-இல் ஸ்னோடன் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அதனையடுத்து, அச்சபையின் ஏழு மாநிலங்களிலும் 1917-க்கு முன் பிறந்த 1,027 கன்னியரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது. ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கும் உடற்சோதனைக்கும் இசையவேண்டும்; பழைய ஏடுகளைப் பார்க்க அனுமதிக்கவேண்டும்; குருதி தரவேண்டும்; இறந்தபின் மூளையைத் தரவேண்டும். 678 பேர் கையொப்பமிட்டனர். அவர்களில் இளையவருக்கு 75 வயது, மூத்தவருக்கு நூற்றுக்குமேல்.

மூளையைக் கொடுப்பது சிறு காரியமன்று. கண்ணைக் கொடுக்க ஒப்புக்கொள்பவர்களும் மூளை என்றவுடன் தயங்குவர். உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் உடலைக் கூறுபடுத்தலாமா என்ற ஐயம் நம்மவரிடையிலும் உண்டு. கருவிழியைக் கொடுப்பதற்கு மறையில் தடையில்லை என்பதைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956-லேயே கூறிவிட்டார். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அறிவியல் ஆய்வுக்காகச் சடலத்தை அறுத்துப் பார்ப்பது ஏற்புடையதாகலாம் என்றும், இறந்தபின் உறுப்புகளைத் தாமே மனமுவந்து கொடுப்பது பேறுதரத்தக்கது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தக் கன்னியருள் பலர் கையெழுத்திட்டபோது அந்த நூல் இன்னும் அச்சேறவில்லை. மறைநூல் ஆராய்ச்சி செய்து அவர்கள் இசைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றவர்கள், இறந்த பின்னும் ஒரு பாடம் நடத்த இடமிருந்தால் நடத்துவோம் என்று எண்ணியிருப்பார்கள்.

அலமாரி திறந்தது இதற்குப் பிறகுதான். இளமையில் எழுதிய அந்த ஒற்றைத் தாள்களை மொழியியல் அறிஞர் சூசன் கெம்பர் ஆராய்ந்தார். பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் அடங்கியுள்ளன என்று எண்ணுவது அவர் முறை. வாசகர்க்கு விளங்க நானே ஒரு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். "என் தந்தை கடற்றொழிலாளி. நாங்கள் ஐவர். நான் இரண்டாமவள்" என்பது ஒரு வகை. "விடியுமுன் வலையோடு கரைசேரும் தந்தையின் குரல் கேட்டு விழித்த ஐந்து பிள்ளைகளில், அவர் பாடிய பாட்டை முதலில் திருப்பிப் பாடக் கற்றவள் இரண்டாமவளாகிய நான்" என்பது இன்னொரு வகை. இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஆனால் இரண்டாவதில் எண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கின்றன.

93 கன்னியரின் தாள்களை இவ்வாறு அளந்து, சராசரி 58 ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு நடந்த சோதனைகளோடு ஒப்பிட்டு, 1996-இல் முடிவை வெளியிட்டனர். எழுதும்போது அவர்களின் சராசரி வயது 22. கருத்துச் செறிவு குறைந்த தாளை எழுதியவர்களே முதுமையில் நினைவுச் சோதனைகளில் பெரிதும் பின்தங்கினர். அதுவரை இறந்திருந்த 14 பேரின் மூளைகளை அறுத்துப் பார்த்ததில், செறிவு குறைவாக எழுதிய அனைவரிடமும் அல்சைமர் நோய் உறுதியாயிற்று. செறிவாக எழுதியவர் ஒருவரிடமும் அது காணப்படவில்லை.

பதினான்கு என்பது சிறிய எண். அதன்மேல் பெரிய மாளிகை கட்டக்கூடாது. ஆயினும் இந்தக் கண்டுபிடிப்பு எழுப்பிய கேள்வி இன்றும் தீரவில்லை. செறிந்த மனம் நோயைத் தடுக்கிறதா? அல்லது இருபத்திரண்டு வயதிலேயே நோய் ஓசையின்றித் தொடங்கி, எழுத்தை இளைக்கச் செய்துவிட்டதா? ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் ஹைக்கோ பிராக்கும் அவர் குழுவினரும் ஒன்று முதல் நூறு வயது வரை இறந்த 2,332 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2011-இல் எழுதியபோது, சிக்கல்களாக மாறும் புரதத்தின் முதல் அடையாளங்களை இளைஞரிடத்திலும் கண்டதாகக் கூறினர். ஆகவே இரண்டாவது கேள்வியைக் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது.

கன்னியர் கொடுத்த குருதியும் வீண்போகவில்லை. 1993-இல் ஒரே மடத்தில், ஒரே சமையற்கட்டில் உண்டு வாழ்ந்த கன்னியரிடம் எடுத்த குருதியில் பல்வேறு ஊட்டச்சத்துகளை அளந்து வைத்தனர். அவர்களுள் பின்னர் இறந்த 30 பேரின் மூளைகளை அவற்றோடு ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்ட கட்டுரையில், கீரையிலும் பயற்றிலும் கிடைக்கும் போலேட் என்னும் சத்து குருதியில் குறைந்திருந்தவர்களின் மூளைப் புறணி அதிகமாகச் சுருங்கியிருந்தது என்று காட்டினர். உயிரோடிருந்தபோது எடுத்த குருதிக்கும் இறந்தபின் கண்ட மூளைக்கும் ஓர் இணைப்பு. போலேட் மாத்திரை விழுங்கினால் மறதி வராது என்று இதற்குப் பொருளில்லை. சத்துக்குறைவு காரணமா, நோயால் உண்டி குறைந்ததன் விளைவா என்பதை இத்தகைய ஆய்வால் பிரித்தறிய முடியாது. ஆனால் குருதி மூளையைப் பற்றிப் பேசக்கூடும் என்ற எண்ணத்துக்கு இது ஒரு தொடக்கம்.

உண்மையான முன்னேற்றம் புரதங்களை அடையாளம் கண்டதால் வந்தது. 1984-இல் ஜார்ஜ் கிளென்னரும் கெய்ன் வாங்கும் படிவுகளிலுள்ள அமிலாய்டு என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். அடுத்த சில ஆண்டுகளில், சிக்கல்களின் நூல் டௌ என்னும் புரதமே எனத் தெரிந்தது. 1993-இல் டியூக் பல்கலைக்கழகத்தார், 'அபோ ஈ 4' என்னும் மரபணு வடிவத்தைப் பெற்றோரிடமிருந்து பெற்றவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டனர். முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி எடுக்கும் நீரில் இப்புரதங்களை அளக்கும் முறை 1990-களில் வந்தது. 2002-இல் பிட்ஸ்பர்க் அறிஞர்கள் உருவாக்கிய ஒரு கதிரியக்கச் சாயத்தைச் சுவீடனின் உப்சாலாவில் நோயாளி ஒருவருக்குச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் மூளையில் அமிலாய்டுப் படிவை முதன்முறையாகப் படமெடுத்தனர். அல்சைமர் சாயமேற்றிப் பார்த்ததற்கும் இதற்கும் இடையே தொண்ணூற்றாறு ஆண்டுகள்.

முதுகில் ஊசி என்றால் எவரும் அஞ்சுவர், படமெடுப்பதோ பெருஞ்செலவு. குருதியில் பார்க்க முடியாதா என்று நெடுங்காலம் முயன்றனர். தடையாக இருந்தது அளவு. மூளைக்கும் குருதிக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது; அதைத் தாண்டிக் கசிந்து வருவது மிகச் சொற்பம். ஒரு மில்லி லிட்டர் குருதிநீரில், ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் தேடவேண்டும். தனித்தனி மூலக்கூறுகளையே எண்ணும் கருவிகளும், மிக நுண்ணிய நிறைமாலை அளவிகளும் 2010-க்குப் பின் வந்து அந்தத் தடையை அகற்றின. 2020 ஜூலையில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார், 1,402 பேரின் குருதியை ஆராய்ந்து, 'பி-டௌ 217' என்னும் புரத வடிவம் அல்சைமர் நோயைப் பிற மறதிநோய்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது என்று அறிவித்தனர். துல்லியத்தில் அது முதுகுத்தண்டு நீர்ச் சோதனைக்கும் மூளைப் படத்துக்கும் ஏறத்தாழ இணையாக நின்றது.

அந்த 1,402 பேரில் 622 பேர் கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைநாட்டைச் சேர்ந்த பெருங்குடும்பம் ஒன்றின் உறவினர். இளவயதிலேயே, நாற்பத்து நான்கு வயதளவில் மறதி தொடங்கும் மரபணுக் கோளாறு அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஊரார் அதை ஒருவகைப் 'பேதைமை' என்று தம் மொழியில் சொல்லி, சாபமென்று அஞ்சி வந்தனர். பிரான்சிஸ்கோ லோப்பேரா என்னும் மருத்துவர் நாற்பது ஆண்டுகள் கழுதைமீதும் கால்நடையாகவும் சென்று அவர்களைக் கண்டார். பங்குகளின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைக் கொண்டு அவர்கள் மூதாதையரைப் பதினெட்டாம் நூற்றாண்டுவரை இணைத்தார். 2024-இல் அவர் காலமானார். அக்குடும்பத்தில் கோளாறுள்ளவர்களின் குருதியில் பி-டௌ 217 ஏறத்தாழ 25 வயதிலேயே உயரத் தொடங்குகிறது. அறிகுறிக்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்பு! மடத்து அலமாரியும் பங்கின் பதிவேடும் ஒரே காலக்கணக்கையே காட்டுகின்றன.

உமிழ்நீரைப் பற்றியும் ஒரு சொல். ஊசியே வேண்டாம், ஒரு குப்பியில் உமிழ்ந்தால் போதும் என்பது எவருக்கும் ஆசை காட்டும். 2017-இல் மாட்ரிட் அறிஞர்கள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் லாக்டோபெரின் என்னும் உமிழ்நீர்ப் புரதம் அல்சைமர் நோயாளிகளிடம் குறைந்திருப்பதாக எழுதினர். செய்தித்தாள்கள் கொண்டாடின. 2021-இல் டென்மார்க்கில் அதையே மீண்டும் அளந்தவர்கள் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. எடுத்த வேளை, உண்ட உணவு, பல் ஈறின் நலம் என எத்தனையோ காரணங்களால் உமிழ்நீரின் தன்மை மாறும். இப்போதைக்கு அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. வீட்டிலேயே உமிழ்ந்து மறதியை அறியலாம் என்று விற்க வருபவர்களிடம் வாசகர்கள் சற்று விலகி நிற்பது நலம்.

மேரி சகோதரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆய்விதழ்களில் அப்பெயரால் அறியப்படும் அவர் இளமையிலேயே சபையில் சேர்ந்து, பத்தொன்பதாம் வயதில் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். அப்போது அவர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருக்கவில்லை. கோடை விடுமுறைதோறும் படித்து, 41-ஆம் வயதில்தான் அச்சான்றிதழைப் பெற்றார். 84 வயதுவரை கற்பிக்கும் பணியில் இருந்தார். 101 வயதைக் கடந்து இறந்தார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த நினைவுச் சோதனையில் 30-க்கு 27 மதிப்பெண் பெற்றார். அது நலமுள்ளோர் வரிசை. மூளையை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் திகைத்தனர். எடை 870 கிராம் மட்டுமே. படிவுகள் ஏராளம், சிக்கல்கள் ஏராளம். அல்சைமர் தூபிங்கனில் காட்டியவை எவையோ அவையெல்லாம் அங்கிருந்தன. நோய் மட்டும் அவரிடம் வெளிப்படவில்லை.

ஏன் என்பதற்குக் கன்னியர் ஆய்வே ஒரு பகுதி விடையைத் தந்தது. 1997-இல் வெளியான முடிவின்படி, படிவும் சிக்கலும் உள்ள மூளையில் சிறு குருதிக்குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்தால் மறதி வெளிப்படும் வாய்ப்பு மிகவும் பெருகியது. குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவது மூளைக்கும் காவல் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு சான்று. மற்றப் பகுதி, கற்றலா, குணமா, கூடி வாழ்ந்த வாழ்வா, இன்னும் பெயரிடப்படாத ஒரு மரபணுவா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. மூளைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. கண்ணாடிச் சில்லுகளைக் கணிப்பொறியில் படமாக்கி ஆய்வு தொடர்கிறது.

2023 ஜூலையில், அமிலாய்டை மூளையிலிருந்து அகற்றும் லெக்கனமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் முழு அனுமதி அளித்தது. பதினெட்டு மாத ஆய்வில் அது நோயின் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் குருதிக் கசிவும் உண்டாயின. நோயின் தொடக்கத்தில் கொடுத்தால்தான் பயன் என்பதால், முன்னரே அறியும் தேவை திடீரெனப் பெரிதாயிற்று. 2025 மே மாதத்தில் அதே நிர்வாகம் முதல் குருதிச் சோதனைக்கு இசைவு தந்தது. பி-டௌ 217-ஐயும் அமிலாய்டையும் அளந்து இரண்டின் விகிதத்தைப் பார்க்கும் சோதனை அது.

மேரி சகோதரியின் குருதியை நூறாவது வயதில் இச்சோதனைக்கு உட்படுத்தியிருந்தால், மூளையில் அத்தனை படிவு இருந்ததால், நோய் உண்டு என்றே அது பெரும்பாலும் சொல்லியிருக்கும். அது பொய்யாகவும் இருந்திராது. அந்தத் தாளை அவர் கையில் கொடுத்திருந்தால் எஞ்சிய நாட்களை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அறுபது வயதில் அதைக் கொடுத்திருந்தால்? பள்ளி அவரை இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் வைத்திருந்திருக்குமா? குணமாக்கும் மருந்தில்லாத ஒன்றை இருபது ஆண்டுகள் முன்னதாக அறிந்துகொள்ளும் உரிமை ஒருவருக்கு இருப்பது போல, அறியாமலிருக்கும் உரிமையும் இருக்கத்தானே வேண்டும்?

2025-இல் தந்த இசைவில் இதைப் பற்றி ஒரு வரையறை இருக்கிறது. 55 வயதுக்கு மேற்பட்டவராய், மறதியின் அறிகுறிகள் தென்பட்டு, சிறப்பு மருத்துவரிடம் வந்தவருக்கே அச்சோதனை. நலமாயிருப்பவரைச் சலித்துப் பார்ப்பதற்கன்று. மேரி சகோதரியை அந்த ஆய்வுக்கூடத்துக்கு அழைத்திருக்கவே மாட்டார்கள். அவரிடம் அறிகுறி எதுவும் இருக்கவில்லை.